நாலு ஞாயிறு, ஓர் அட்டைப் பெட்டி, 4,800 ரூபாய்

சாந்தாகுரூஸ் பக்கம் உள்ள ஒரு நாய்ப் பயிற்சிக் கூடத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 4,800 ரூபாய் கட்டினேன். நாயின் கற்பனைத் திறனை வளர்க்கும் வகுப்பு என்று ரசீதில் போட்டிருந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். "நம் பையனை ஓவிய வகுப்புக்கு அனுப்பியபோது மாதம் 300 ரூபாய் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்தப் பணம் தண்டமா இல்லையா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. மூன்றாவது ஞாயிற்றுக் கதையைப் படித்தால் காரணம் புரியும்.

நான் செம்பூர் திலக் நகரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மூன்றாவது மாடி, ஒரே படுக்கையறை, சமையலறையில் பாதி கிரைண்டருக்குப் போய்விடும். மீதி இடத்தில் நாங்கள் இருவரும் உளுந்துவும். இரண்டு வருடங்களுக்கு முன் ஜூலை மழையில், கட்டட வாசலில் நின்ற ஆட்டோவின் அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த தெருக்குட்டி அவள். உடம்பெல்லாம் தோல் நீக்காத உளுந்தின் கருப்பு, மார்பில் மட்டும் தோல் உரிந்த பருப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. மாவுக்காரி வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வகுப்பில் சேரும் படிவத்தில் நாயின் இனம் என்ன என்று கேட்டிருந்தார்கள். மனிதர்களிடம் ஜாதி கேட்பது போதாதென்று இது வேறு. 'திலக் நகர்' என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

வகுப்புவரை போனதற்கு மும்பை மழைதான் காரணம். ஜூன் பாதியில் பிடித்தால் செப்டம்பர்வரை விடாது. முழங்கால் தண்ணீரில் நாயை நடத்திக்கொண்டு போக முடியாது. வீட்டுக்குள் அடைபட்ட உளுந்து முதலில் செருப்பைக் கடித்தாள், பிறகு வாசல் மிதியடியை, பிறகு பால்கனித் துளசித் தொட்டியின் விளிம்பை. புணேயில் இருக்கும் மகன் போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இணையத்தில் ஒரு புதிர்ப் பலகை வாங்கி அனுப்பினான். 1,849 ரூபாய். நாய்க்கு மூளை வேலை வேண்டும் என்றான்.

அந்தப் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். சாப்பாட்டுத் தட்டளவு பிளாஸ்டிக். நகர்த்தித் திறக்கும் மூடிகள் நாலு, தூக்கி எடுக்கும் கூம்புகள் மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு தின்பண்டம் வைக்க வேண்டும். முதல் நாள் உளுந்து அரை மணி நேரம் மோந்து மோந்து, மூக்கால் ஒரு மூடியைத் தள்ளினாள். அவளைவிட எனக்குத்தான் பெருமை. இரண்டாம் நாள் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டாள். மூன்றாம் நாள் பலகையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். நின்றாள். முன்னங்காலை அதன் விளிம்பில் வைத்து ஒரே அழுத்து. பலகை குப்புறக் கவிழ்ந்தது, ஏழு துண்டுகளும் தரையில் சிதறின.

கூட வந்த குறிப்புத் தாளில், நாய் பலகையைக் கவிழ்க்க விடக்கூடாது, கையால் பிடித்துக்கொள்ளவும் என்று இருந்தது. பிடித்துக்கொண்டேன். உளுந்து என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் அதன் மூலையைக் கடித்துத் துண்டாக்கியிருந்தாள். விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டால், நாய் முறைப்படி விளையாடவில்லை என்று பதில். ஏழு பூட்டுக்கும் ஒரே சாவி கண்டுபிடித்த நாய்க்கு இவர்கள் கொடுக்கும் நற்சான்றிதழ் இது. பிளாஸ்டிக் துண்டை விழுங்கிவிட்டால் யார் பார்ப்பது என்று பலகையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

இதைக் கேட்ட கீழ் வீட்டு மாமிதான், அவர் மருமகள் நாயைக் கூட்டிப்போகும் வகுப்பைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுகிறார்களாம். சிரித்தேன். பிறகு போய்ச் சேர்ந்தேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. திலக் நகரிலிருந்து லிங்க் ரோடு வழியாக ஆட்டோ. நாயைப் பார்த்ததும் நாலில் மூன்று ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போக வர 500 ரூபாய் ஆகிறது. ஆக, நாலு வாரத்துக்கு 2,000 ரூபாய் கூடுதல் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடம் சுத்தம், ஏசி உண்டு. ஆனால் தரை வழவழப்பான டைல்ஸ். கால் வழுக்கினால் எந்த நாயும் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணியாது, நாமே ஈரத் தரையில் எப்படி நடப்போம் என்று யோசித்தால் தெரியும். இரண்டாவது வாரம் நான் வீட்டிலிருந்து கோரைப்பாய் கொண்டுபோய் விரித்தேன். அடுத்த முறை அவர்களே ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். எங்களோடு சேர்த்து ஏழு நாய்கள். ஓர் ஆசிரியைக்கு ஏழு அதிகம், நாலுக்கு மேல் போகக்கூடாது.

ஆசிரியை முப்பது வயதுகூட இருக்காத மராட்டிப் பெண். முதல் நாள் நடுவில் ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்துவிட்டு, எங்கள் கையில் ஆளுக்கொரு கிளிக்கரைக் கொடுத்தாள். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பி. நாய் பெட்டியைப் பொறுத்து எதைச் செய்தாலும், பார்த்தால்கூட, டிக், ஒரு துண்டு தின்பண்டம். இந்தச் சத்தம் எதற்கு, நேரே கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். கை பைக்குள் போய்த் துண்டை எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு நொடி ஆகிவிடுமாம். அதற்குள் நாய் திரும்பிக் காதைச் சொறிந்திருந்தால், காதைச் சொறிந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். எந்த நொடிக்குக் கூலி என்பதைச் சத்தம் குறித்துக் காட்டிவிடுகிறது. நியாயமாகத்தான் பட்டது. உளுந்து அந்தச் சத்தத்துக்கே பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள் என்பது வேறு விஷயம். முந்தானைக்குள் வைத்து அழுத்தியதும் சரியாயிற்று.

அடுத்த விதிதான் வகுப்பின் உயிர். ஒரு செயலுக்கு ஒரு முறைதான் கூலி. மூக்கால் தொட்டாயா, வாங்கிக்கொண்டாய். மறுபடி மூக்கால் தொட்டால் கிடையாது. காலால் தட்டு, உள்ளே ஏறு, சுற்றி வா, இழு, எதையாவது புதிதாகச் செய், அப்போதுதான் உண்டு. கையால் காட்டக்கூடாது, 'இங்கே பார்' என்று சொல்லக்கூடாது, நம் கண்கூட பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

இந்த விதி நாய்களிடமிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்திருக்கிறது. 1960களில் ஹவாயில் சீ லைஃப் பார்க் என்ற இடத்தில் டால்ஃபின்களைப் பழக்கிக்கொண்டிருந்தவர் கேரன் பிரையர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் கண்முன்னால் மலியா என்ற டால்ஃபினிடம், இதுவரை நீ செய்யாததைச் செய்தால்தான் மீன் என்று விளையாட்டை மாற்றினார்கள். மலியா பழைய வித்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்து, மீன் வராமல் குழம்பிப் போனது. பிறகு ஒருநாள் வேகமெடுத்து மல்லாந்து, வாலை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு வழுக்கிப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை. அதன்பின் தினம் ஒன்று. ஹோவு என்ற இன்னொரு டால்ஃபினிடம் அதையே முறையாகச் செய்து பார்த்து, 1969ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பின்னாளில் நாய்களுக்கும் அதே விதி, மீன் தொட்டிக்குப் பதில் அட்டைப் பெட்டி. ஆசிரியை இந்தக் கதையை இந்தியில் சொன்னபோது, முதலில் மலியா குழம்பிப்போன இடத்தில் சற்று நிறுத்தி எங்களைப் பார்த்தாள். குழம்புவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது அவள் சொல்லாமல் சொன்னது.

அந்தப் பொறுமை இல்லாமல் போனது, எனக்குப் பக்கத்தில் இருந்த லேப்ரடாரின் எஜமானருக்கு. தங்கமான நாய். உட்கார் என்றால் உட்காரும், கை கொடு என்றால் கொடுக்கும், வாசல் தாண்டாதே என்றால் பூகம்பம் வந்தாலும் தாண்டாது. பெட்டியை வைத்ததும் அது உட்கார்ந்து எஜமானரையே பார்த்தது. கூலி வரவில்லை. கை கொடுத்தது. வரவில்லை. படுத்தது, உருண்டது, தெரிந்ததையெல்லாம் செய்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி அவர் முகத்தைப் பார்த்தது. பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு வியர்த்துவிட்டது.

அது நாயின் குற்றம் இல்லை என்று ஆசிரியை விளக்கினாள். ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் தீர்க்கவே முடியாத ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2003ல் வெளிவந்த ஆய்வு. ஓநாய்கள் கடைசிவரை அதோடேயே மல்லுக்கட்டின. நாய்கள் சீக்கிரமே திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. நம்மைப் பார்ப்பதுதான் நாய்க்குப் பிழைப்பு. சொன்னதைச் செய்தால் மட்டும் சோறு என்று வருடக்கணக்கில் பழக்கிவிட்டு, திடீரென்று உன் இஷ்டப்படி செய் என்றால் அது என்ன செய்யும்? அந்த லேப்ரடாருக்கு, காது பெட்டிப் பக்கம் திரும்பினாலே கூலி என்று மலிவாகத் தொடங்கினாள். கடைசி வாரம் அது பெட்டிக்குள் தலையை விட்டு, பெட்டியைத் தலையிலேயே சுமந்துகொண்டு சுவரில் போய் முட்டிக்கொண்டது. எஜமானர் கைதட்டியதைப் பார்க்க வேண்டும்.

கூலியாக வேகவைத்த கோழித் துண்டு கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. பனீரும் இட்லித் துண்டும் கொண்டுபோனேன். பட்டாணி அளவுக்கு மேல் போகக்கூடாது, இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்து கற்பனை தூங்கிவிடும். சாம்பாரில் நனைத்த இட்லியைக் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இனி மூன்றாவது ஞாயிறு. ஆசிரியை வரவில்லை. பதிலுக்கு வந்த இளைஞர் அட்டைப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, எல்லா நாய்களையும் வரிசையாக நிறுத்தி, கை கொடுக்கவும் உருளவும் கற்றுக்கொடுத்தார். முன்னங்காலைப் பிடித்து அவரே தூக்கிவிட்டார். உளுந்து உறுமினாள், நான் தடுக்கவில்லை. இரண்டு வாரம் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் கரைத்துவிட்டுப் போனார். அந்த நாளுக்கான 1,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பணம் தர வழியில்லை, வாசலில் உள்ள எங்கள் கடையில் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும் ஒரே வழி அந்தக் கடைக்குள்தான் போகிறது என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

சீட்டுக்கு காங் என்ற ரப்பர் பொம்மையை எடுத்தேன். உள்ளே பொள்ளலான, மூன்று உருண்டைகளை அடுக்கியது போன்ற சிவப்புப் பொருள். 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர், தன் நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துத் தவித்திருக்கிறார். வோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அந்த வடிவம்தான் இது. தயிர்சாதத்தைக் குழைய மசித்து அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் உளுந்துவுக்கு முக்கால் மணி நேரம் ஓடுகிறது. வாங்கிய பொருள்களில் இதற்கு மட்டும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வகுப்பின் உண்மையான பலன் வீட்டில்தான் தெரிந்தது. இரவு மாவு வாடிக்கையெல்லாம் முடிந்து ஒன்பதரை மணிக்கு, சமையலறை வாசலில் பெட்டியை வைப்பேன். பன்னிரண்டு பனீர்த் துண்டு, ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. புதியதற்கு மட்டும் கூலி என்றால் எது பழையது என்று நமக்கு நினைவிருக்க வேண்டும் அல்லவா? மாவுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். மூக்கால் இடித்தாள். வலது கால். இடது கால். உள்ளே ஏறினாள். உள்ளே உட்கார்ந்தாள். மடிப்பைப் பல்லால் இழுத்தாள். பின்னால் நடந்து பின்பக்கத்தால் மோதினாள் (இது தெரியாமல் நடந்தது என்று என் கணவர் சொல்கிறார், நான் கூலி கொடுத்துவிட்டேன்). பதினேழாவதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்று நாள் ஒன்றும் இல்லை. குரைத்தாள், தரையைப் பிறாண்டினாள், பெட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். ஆசிரியையைக் கூப்பிட்டேன். பெட்டியைத் தலைகீழாக வையுங்கள் ஆன்ட்டி, இல்லாவிட்டால் நாற்காலிமேல் வையுங்கள், பழைய செயலையே வேகமாகச் செய்தாலும் புதிது என்று எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அவள் ஜெயித்திருக்கும்போதே நிறுத்துங்கள் என்றாள்.

நாலாம் நாள் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "வேறு" என்றேன். வேறு என்பதுதான் எங்கள் வீட்டுச் சொல். வகுப்பில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லச் சொன்னார்கள், எனக்கு வாயில் வரவில்லை. உளுந்து பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வாசலுக்குப் போனாள். போகட்டும் என்று டப்பியைக் கீழே வைக்கப் போனேன். பழைய செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தாள், ஏற்கெனவே பாதி தின்றிருந்த அதே செருப்பு. பெட்டிக்குள் போட்டாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெட்டியோடு இன்னொரு பொருளைச் சேர்க்கலாம் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. மீதியிருந்த துண்டுகளை மொத்தமாகக் கொட்டிவிட்டேன். அது விதிமீறல் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. பெட்டியின் மடிப்பை மூக்கால் தூக்குவதற்குக் கூலி வாங்கியவள், ஒரு புதன்கிழமை இரவு மாவு வாளியின் மூடியையும் அப்படித் தூக்கலாம் என்று கண்டுபிடித்தாள். விடிகாலை விளக்கைப் போட்டால் ஆறு கிலோ மாவு சமையலறை முழுக்க, நடுவில் உளுந்து, தோல் நீக்கிய உளுந்தாக. ஒன்பது வீட்டுக்குச் சொன்ன மாவு. பச்சை மாவை எவ்வளவு தின்றாள் என்று தெரியாததால் மருத்துவருக்குப் போன் செய்தேன். வயிறு உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நல்லவேளை, உப்பவில்லை. இப்போது வாளி மூடிமேல் அம்மிக் குழவி உட்கார்ந்திருக்கிறது.

1,849 ரூபாய்ப் பலகைக்குப் பதிலாக நான் கண்டுபிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரின் இரும்புப் பணியாரச் சட்டி, ஏழு குழி. மூன்றை வெறுமனே விட்டு, நாலில் இட்லித் துண்டு போட்டு, மேலே டென்னிஸ் பந்துகளால் மூட வேண்டும். முதலில் எலுமிச்சம்பழத்தால் மூடினேன்; ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பந்து பிடித்துப்போயிற்று. கவிழ்க்கப் பார்த்தாள், சட்டியின் எடை விடவில்லை. வாலால் பந்தைத் தட்டிவிட முயன்றதையும் கண்ணால் பார்த்தேன்.

வகுப்புக்கு யார் போகலாம்? உங்கள் நாய் எல்லாவற்றுக்கும் உங்கள் முகத்தையே பார்க்கும் என்றால் போங்கள். அதற்கு அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, உங்களுக்கு அதைவிட அதிகம். சேருவதற்கு முன் நாலு வாரமும் அதே ஆசிரியைதானா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தன் இஷ்டப்படி நடக்கிற தெருநாய் என்றால், மேலே எழுதியதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஒன்று மூன்றாவது ஞாயிறுக்காகக் கழிந்தது, இன்னொன்று கூட்டத்துக்கும் அந்தக் கடை வழிக்கும். அடுத்த கட்ட வகுப்பு 6,500 ரூபாய் என்று தினமும் குறுஞ்செய்தி வருகிறது. நான் சேரவில்லை.

பெட்டிகளை எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரிடம் வாங்குகிறேன். உளுந்து வாரத்துக்கு இரண்டைக் கிழித்துவிடுகிறாள். முதல் மாதம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சும்மா கொடுத்தார். நாய்க்கு இதில் என்ன படிப்பு என்று ஒருநாள் கேட்டார், நானும் விவரமாகச் சொன்னேன். மறுநாளிலிருந்து பெட்டிக்கு ஐந்து ரூபாய்.